அடுத்த டாஸுக்கு முன் ஒரு நாள்: லீக் கிரிக்கெட் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்



சீசன் முடிந்தது. கோப்பை யாருக்கு, மேல் டிவிஷனுக்கு ஏறியது யார், இறங்கியது யார் என்பதெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜெயித்த அணிகள் பிரியாணி போட்டுக் கொண்டாடிவிட்டன. தோற்ற அணிகள் ஒருவரையொருவர் குறை சொல்லி ஓய்ந்துவிட்டன. அடுத்த வருடம் எந்த வேகப்பந்து வீச்சாளரை எங்கிருந்து இழுக்கலாம் என்ற பேச்சு டீக்கடை வாசலில் தொடங்கியிருக்கும். நீங்கள் கடைசி ஆட்டத்தின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டீர்கள். கவுண்டரையும் தொப்பியையும் பைக்குள் போட்டீர்கள். வண்டியைக் கிளப்பி ஆளுக்கொரு திசையில் வீட்டுக்குப் போனீர்கள்.

அப்படி ஆளுக்கொரு திசையில் கலைந்து போவதுதான் இந்த மடலின் மனக்குறை.

ஆடுகிறவர்களுக்குக் கோச் உண்டு, கேப்டன் உண்டு, வலைப்பயிற்சி உண்டு. சீசன் முடிந்ததும் யார் எத்தனை ரன், யார் எத்தனை விக்கெட் என்று பட்டியல் போட்டுப் பார்க்க ஆள் உண்டு. உங்களுக்கு? பக்கத்துக்கு 50 ஓவர் ஆட்டம் முழுதாக நடந்தால் 600 பந்துகள். அதில் 300 பந்துகளுக்கு நீங்கள் மெயின் அம்பயர். மீதி 300-க்கு லெக் அம்பயர். ஒவ்வொரு பந்திலும் முன்கால் எங்கே விழுந்தது, பந்து எங்கே குத்தியது, மட்டையில் பட்டதா, பேடில் பட்டதா, ரன்னில் கோட்டைத் தொட்டார்களா என்று பார்த்தபடி நிற்கிறீர்கள். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குள் கண்ணைக் கோட்டிலிருந்து எடுத்து எதிர்முனைக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனையையும் ஒரு சீசன் முழுக்கச் செய்துவிட்டு வந்தவரிடம், 'எது சரியாக வந்தது, எது தவறிப்போனது' என்று கேட்க ஒருவரும் இல்லை. தோற்ற கேப்டன் கத்தியது மட்டும்தான் உங்களைப் பற்றிய ஒரே மதிப்பீடாக மிஞ்சுகிறது.

இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மிட்விக்கெட் பக்கம் மரத்தடியில் யாரோ கைபேசியைத் தூக்கிப் பிடிக்கிறார். அந்தக் கோணத்திலிருந்து எல்.பி.டபிள்யூவைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. ஆனால் அன்று மாலையே அந்தத் துண்டு வீடியோ பத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. அடியில் உங்கள் பெயரும் ஓடுகிறது. பதில் சொல்ல உங்களுக்கு இடம் கிடையாது; பதில் சொல்லவும் கூடாது. அந்த முடிவை எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள் என்பதைச் சக அம்பயர்களிடமாவது பேசியிருக்கிறீர்களா என்பதே கேள்வி.

பெரும்பாலும் பேசுவதில்லை. 'அவர் முடிவைப் பற்றி நாம் பேசக் கூடாது' என்பது உங்களுக்குள் ஒரு மரியாதை. மைதானத்தில் அந்த மரியாதை மிகச் சரி. சீசன் முடிந்த பிறகும் அதையே கட்டிக்கொண்டிருந்தால், ஒரே தவறை நான்கு மைதானங்களில் நான்கு பேர் தனித்தனியாகச் செய்துகொண்டிருப்பீர்கள்.

தவறுவது கேவலம் என்ற எண்ணம்தான் இந்த மௌனத்துக்குக் காரணம் என்றால், பார்படோஸை நினைத்துப் பாருங்கள். 2007 ஏப்ரல் 28, பிரிட்ஜ்டவுன், உலகக்கோப்பை இறுதி ஆட்டம். மழையால் ஓவர்கள் குறைந்து, ஆஸ்திரேலியாவை இலங்கை துரத்திக்கொண்டிருந்தது. 33 ஓவர் முடிந்த நிலையில் வெளிச்சம் போதாமல் மட்டையாளர்கள் வெளியேறினார்கள். 20 ஓவர் தாண்டிவிட்டதால் விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியர்கள் கொண்டாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் மீதி 3 ஓவரை வீசியே ஆக வேண்டும், இல்லையேல் மறுநாள் வர வேண்டும் என்றார்கள் நடுவர்கள். கடைசியில் கும்மிருட்டில் சுழற்பந்து வீசி ஒப்பேற்றினார்கள். களத்தில் நின்றவர்கள் ஸ்டீவ் பக்னரும் அலீம் தாரும். டிவி நடுவர் ரூடி கர்ட்சன், நான்காவது நடுவர் பில்லி பௌடன், ஆட்ட ரெஃப்ரி ஜெஃப் குரோ. ஐந்து பேருக்கும் அந்த ஆண்டின் டி20 உலகக்கோப்பையில் வேலை தரப்படவில்லை. ஐவரில் ஒருவர்கூடக் கத்துக்குட்டி இல்லை. அத்தனை அனுபவமும் அந்த ஆட்டத்துக்கான விதித்தாளில் இருந்த ஒரு வரிக்கு முன்னால் உதவவில்லை.

2019 ஜூலை 14, லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் நடந்ததும் அதேபோலத்தான். கடைசி ஓவரில் கப்தில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. இங்கிலாந்துக்கு 6 ரன் கொடுக்கப்பட்டது. விதி 19.8 சொல்வது வேறு: ஃபீல்டர் எறிந்த அந்தக் கணத்தில் மட்டையாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் தாண்டியிருந்தால்தான் ஓடிக்கொண்டிருக்கும் ரன் கணக்கில் சேரும். அவர்கள் இரண்டாவது ரன்னில் தாண்டியிருக்கவில்லை. 5 ரன்தான் வந்திருக்க வேண்டும். அடுத்த பந்தைச் சந்தித்திருக்க வேண்டியவர் ஸ்டோக்ஸ் இல்லை, ஆதில் ரஷீத். அன்று நடுவராக நின்ற மரைஸ் எராஸ்மஸ், தாங்கள் தவறிவிட்டதைப் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவரோடு நின்றவர் குமார தர்மசேன, உலகக்கோப்பை இறுதியில் ஆடியும் நடுவராக நின்றும் இருப்பவர்.

அவர்கள் அளவுக்கு உங்களுக்கு வசதி எதுவும் கிடையாது. 2019 மார்ச் 28-இல் பெங்களூருவில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தின் கடைசிப் பந்தில் மலிங்காவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது, நோபால் அறிவிக்கப்படவில்லை. பெரிய சண்டையானது. அடுத்த ஆண்டே முன்கால் நோபாலைப் பார்க்கும் வேலை டிவி நடுவரிடம் போனது. உங்கள் லீக்கில் அந்த வேலையை எடுத்துக்கொள்ள யாரும் வரப்போவதில்லை. உங்கள் கண், உங்கள் காது, எதிரே நிற்கும் உங்கள் கூட்டாளி. அதற்கு மேல் இருப்பது படிப்பும் பேச்சும் மட்டும்தான். இரண்டுக்கும் இந்த ஓய்வுக்காலத்தை விட்டால் நேரம் ஏது?

படிக்க என்ன இருக்கிறது என்று மூத்தவர்கள் சிலர் கேட்கலாம். 2022 அக்டோபர் 1 முதல் விதிப்புத்தகத்தில் வந்த மாற்றங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ச் பிடிக்கும்போது மட்டையாளர்கள் தாண்டியிருந்தாலும், ஓவர் முடிந்தால் ஒழிய, புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் கீழ் டிவிஷன் ஆட்டங்களில் 'க்ராஸ் ஆயிட்டோம் சார்' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டும் அம்பயரும் இருக்கிறார். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கிய பிறகு மட்டையாளர் நகர்ந்தால், அவர் நின்ற இடங்களையும் கணக்கில் எடுத்தே வைடு சொல்ல வேண்டும். பந்தில் எச்சில் தடவுவது அடியோடு தடை. ஃபீல்டர் விதிமீறி இடம் மாறினால் முன்பெல்லாம் டெட் பால் மட்டும்தான். இப்போது 5 ரன் அபராதமும் உண்டு.

பந்து கையை விட்டுப் போகுமுன் கோட்டை விட்டு நகரும் நான்ஸ்டிரைக்கரின் கதையும் அதே நாளில்தான் மாறியது. 2019-இல் ஜெய்ப்பூரில் பட்லரை அஸ்வின் ரன்அவுட் ஆக்கியபோதும், 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் சார்லி டீனைத் தீப்தி சர்மா ஆக்கியபோதும் அது 'நியாயமற்ற ஆட்டம்' பற்றிய விதி 41-க்குள் இருந்தது. தீப்தி செய்த சில நாட்களிலேயே அது ரன்அவுட் பற்றிய விதி 38-க்குள் வந்துவிட்டது. அதாவது பழி, நகர்ந்தவர் மேல்தான். பெயில்ஸைத் தட்டியவர் மேல் இல்லை. அதன் பிறகும் லீக் மைதானங்களில் ஒரு பையன் பெயில்ஸைத் தட்டி அப்பீல் செய்தால், 'இப்படித்தான் ஜெயிக்கணுமா தம்பி?' என்று அம்பயரே முகம் சுளிப்பதைப் பார்க்க முடிகிறது. கேப்டன் விரும்பினால் அப்பீலைத் திரும்பப் பெறட்டும். அது அவர் உரிமை. அறிவுரை சொல்வது உங்கள் வேலை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, பந்து வழக்கமாகக் கையை விட்டுப் போகும் கணத்துக்கு முன்பே தட்டினாரா என்பதைத்தான். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா தட்டியபோது அவர் கை உச்சியைத் தாண்டிவிட்டது, அதனால் நாட்அவுட். அந்த வீடியோவை நான்கு பேர் சேர்ந்து ஒருமுறை பார்த்தால் போதும், பத்துப் பக்கம் படித்ததற்குச் சமம்.

எல்லைக்கோட்டுக் கேட்சுக்கும் இதையே செய்யலாம். வெளியே போய்க் காற்றில் எம்பி எம்பிப் பந்தை உள்ளே தட்டி, பிறகு பிடிப்பதைப் பலரும் ரசித்தார்கள். அதில் ஒரு பங்கு இனி செல்லாது. எல்லைக்கு வெளியே போய்விட்ட ஃபீல்டர் காற்றில் இருந்தபடி ஒருமுறைதான் பந்தைத் தொடலாம். அதன்பின் அவர் உள்ளேதான் வந்து இறங்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களுக்கு இது 2025-இலேயே வந்தது; எம்.சி.சி. விதிப்புத்தகத்தில் 2026 அக்டோபரிலிருந்து என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் லீக் எந்த நாளிலிருந்து இதைப் பின்பற்றப் போகிறது? சுண்ணாம்புக் கோடு அழிந்து, மூலைக்கு ஒரு கொடி மட்டும் நிற்கும் மைதானத்தில் இதை எப்படிப் பார்ப்பீர்கள்? முதல் ஆட்டத்தின் 48-ஆவது ஓவரில் நின்று யோசிக்க வேண்டிய கேள்வியா இது?

ஏஞ்சலோ மேத்யூஸையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 நவம்பர் 6, டெல்லி. தலைக்கவசத்தின் வார் அறுந்தது; வங்கதேசம் அப்பீல் செய்தது; சர்வதேசக் கிரிக்கெட்டில் 'டைம்டு அவுட்' ஆன முதல் ஆள் அவர்தான். அந்த உலகக்கோப்பையில் கெடு 2 நிமிடம். விதிப்புத்தகம் தருவது 3 நிமிடம். உங்கள் லீக்கில் எது? கெடு எப்போது தொடங்குகிறது, யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், விதி சொல்லும் 'தயாராக' என்றால் க்ரீஸுக்கு வந்து சேர்வதா, பந்தைச் சந்திக்க நிற்பதா? இரண்டாவதுதான். இதை எத்தனை கேப்டன்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்?

இனி, நீங்கள் ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டியதற்கான முக்கியக் காரணத்துக்கு வருவோம்.

2017 விதிப்புத்தகத்தில் விதி 42 புதிதாக வந்தது. ஆட்டக்காரர்களின் நடத்தை பற்றியது. அம்பயரின் முடிவுக்கு எதிராக முகம் காட்டுவது, அளவுமீறி அப்பீல் செய்வது, அப்பீல் செய்தபடி உங்களை நோக்கிப் பாய்ந்து வருவது, கெட்ட வார்த்தை பேசுவது எல்லாம் முதல் நிலை: கேப்டனை அழைத்து அணி முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை, அடுத்த முறை அந்த அணியில் யார் செய்தாலும் எதிரணிக்கு 5 ரன். இரண்டாம் நிலைக்கு எச்சரிக்கையே கிடையாது, நேராக 5 ரன். நடுவரை மிரட்டும் தோரணை காட்டினால் மூன்றாம் நிலை: 5 ரன்னோடு ஆளையும் வெளியே அனுப்ப வேண்டும், 50 ஓவர் ஆட்டம் என்றால் 10 ஓவருக்கு. அடிப்பேன் என்று அம்பயரை மிரட்டினால் நான்காம் நிலை, ஆட்டம் முடியும்வரை வெளியே.

டிவியும் ரெஃப்ரியும் அபராதத் தொகையும் இல்லாத உங்களைப் போன்றவர்களின் ஆட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. ஆனால் அது புத்தகத்திலேயே உறங்குகிறது. கீப்பர் உங்கள் முகத்துக்கு நேரே கையுறையைத் தூக்கி எறிகிறார். நீங்கள் 'விளையாடுங்கப்பா' என்று சொல்லிவிட்டு அடுத்த பந்துக்குக் குனிகிறீர்கள். பயமா? பெரும்பாலும் இல்லை. போன வாரம் அதே அணிக்கு நின்ற அம்பயர் கண்டுகொள்ளாமல் விட்டார். இந்த வாரம் நீங்கள் 5 ரன் கொடுத்தால், 'இந்த சார் மட்டும்தான் இப்படி' என்று புகார் போகும். அடுத்த முறை அந்த அணியின் ஆட்டத்துக்கு உங்களைப் போடாதீர்கள் என்று ஒரு போன் போகும். சட்டப்படி நடந்தவர் தனித்துவிடப்படுவார். சும்மா இருந்தவர் நல்லவர் ஆவார். ஒருவர் செய்தால் அது கோபம். இருபது பேரும் செய்தால் அது லீக்கின் வழக்கம். அந்த இருபது பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசாமல் வழக்கம் எப்படி வரும்?

வைடுக்கும் இதே கதைதான். கால்பக்கம் பேடை ஒட்டிப் போகும் பந்துக்கு ஒருவர் இரு கைகளையும் விரிக்கிறார், இன்னொருவர் விட்டுவிடுகிறார். 'சார், போன வாரம் வந்த சார் இதுக்கு வைடு குடுத்தாரே!' என்று பந்துவீச்சாளரோ மட்டையாளரோ கேட்காத சனிக்கிழமை உண்டா? மேட்டிங் ஆடுகளத்தில் பந்து கூடுதலாக எழும்பும். புல்தரையில் முழங்காலில் பட்டால் அவுட் ஆகக்கூடிய பந்து மேட்டில் ஸ்டம்புக்கு மேலே போய்விடும். அதைக் கணக்கில் எடுப்பவரும் எடுக்காதவரும் மாறி மாறி நிற்கும் லீக்கில், மட்டையாளர் முன்காலை நீட்டி ஆடுவதா வேண்டாமா என்பதை அம்பயரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்.

வெளிச்ச விஷயமும் இப்படியே. 2010-இலிருந்து மட்டையாளரிடம் 'ஆடுகிறீர்களா' என்று கேட்கும் வழக்கமே விதிப்புத்தகத்தில் இல்லை. இரு நடுவர்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இன்னமும் கேட்கிறவர்கள் உண்டு.

கூட்டாளிகளுக்கு இடையே சைகைகளைக்கூட முதல் ஓவருக்கு முன் ஒருமுறை சொல்லிக்கொள்வதில்லை. நான்காவது பந்து முடிந்ததும் இரண்டு விரலை நெஞ்சில் வைத்து 'இன்னும் ரெண்டு' என்று காட்டுவது பழைய முறை. அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜனவரியில் பெர்த்தில் மைக்கேல் கிளிங்கர் சாட்சி. ஓவரின் ஏழாவது பந்தில் அவுட் ஆகி நடந்தார். அத்தனை காமிரா இருந்தும் யாரும் தடுக்கவில்லை. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்து, 1924 முதல் 1955 வரை 48 டெஸ்டுகளுக்கு நடுவராக நின்ற ஃபிராங்க் செஸ்டர் ஆறு கூழாங்கற்களை வைத்து எண்ணினார். கல்லோ, நாணயமோ, கவுண்டரோ எதுவாகவும் இருக்கட்டும்; எதிரே இருப்பவரின் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். உங்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கண்புரை மெல்ல வருவது வந்தவருக்கே தெரியாது. வெயிலில் கண் கூசுகிறது என்று தொப்பியை இறக்கிவிட்டுக்கொள்வார். எட்ஜ் சத்தம் கேட்காததற்குக் காற்றைக் குறை சொல்வார். அக்னி நட்சத்திர நாட்களில் ஆட்டம் இல்லாதபோது கண்ணையும் காதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கூட்டாளியிடம் மறைக்காதீர்கள். நடுமைதானத்தில் தலைசுற்றி விழுந்தால் முதலில் ஓடிவர வேண்டியவர் அவர்தான்.

தலைக்கவசம் போட்டால் கேலி செய்வார்கள் என்பவர்கள் திண்டுக்கல்லைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் அங்கே நடந்த தமிழ்நாடு–பஞ்சாப் ரஞ்சி ஆட்டத்தில், பரிந்தர் ஸ்ரான் நேராக அடித்த பந்து ஆஸ்திரேலிய நடுவர் ஜான் வார்டின் தலையில் பட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே கான்பெராவில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் அவர் தலைக்கவசத்தோடு வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. 2016-இல் வான்கடேயில் பால் ரைஃபலுக்கு அடிபட்டது ஃபீல்டர் எறிந்த பந்தில். மட்டைகள் தடிக்கத் தடிக்க, நேராக வரும் பந்து உங்களை வந்தடையும் நேரம் குறைந்துகொண்டேதான் போகும்.

இன்னொரு கவலை, உங்களுக்குப் பின் யார் என்பது. 2022-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அகமதாபாத்தில் நடத்திய நடுவர் தேர்வுக்குச் சுமார் 140 பேர் போனார்கள். தேறியவர்கள் 3 பேர். அதில் ஒரு கேள்வி: ஆடுகளத்தின் மேல் பெவிலியன், மரம் அல்லது ஃபீல்டரின் நிழல் விழுகிறது என்று மட்டையாளர் புகார் சொன்னால் என்ன செய்வீர்கள்? பெவிலியன் நிழலுக்கும் மர நிழலுக்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஃபீல்டரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். அசைந்தால் டெட் பால். மரங்கள் சூழ்ந்த கல்லூரி மைதானங்களில் மாலை நேரத்தில் நின்று பழகிய உங்களுக்கு இது தினசரி அனுபவம். அந்த அனுபவத்தைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் யார் சொல்வது?

உயரத்துக்குப் போனவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் உண்டு. 1975, 1979 உலகக்கோப்பைகளில் இந்தியாவின் கேப்டனாக இருந்த சென்னைக்காரர் வெங்கட்ராகவன், 57 டெஸ்ட் ஆடிய பின் 1993-இல் கொல்கத்தாவில் நடுவராக அறிமுகமாகி 73 டெஸ்டுகளில் நின்றார். 2002-இல் எலைட் பேனல் உருவானபோது முதல் பட்டியலிலேயே இருந்தார். 2023 ஜனவரியில் ரஞ்சி ஆட்டங்களில் நின்ற முதல் மூன்று பெண் நடுவர்களில் ஒருவர் சென்னையின் ஜனனி நாராயணன்; மென்பொருள் வேலையை விட்டு வந்தவர். இந்தக் கதைகளைக் கேட்டு ஒரு பெண்ணோ பையனோ உங்கள் லீக்குக்கு வருகிறார் என்று வையுங்கள். முதல் நாளே அவரை யாருக்கும் பிடிக்காத ஆட்டத்துக்கு அனுப்புகிறீர்கள். உடைமாற்ற ஓர் அறை கிடையாது. அவர் முடிவை எதிர்த்துக் கத்துகிறார்கள். ஸ்கொயர் லெக்கில் நிற்கும் மூத்தவர் தரையைப் பார்க்கிறார். இரண்டாவது சீசனுக்கு அவர் வராமல் போவதில் வியப்பென்ன?

கட்டணம் தாமதமாக வருகிறது, பயணப்படி கட்டுபடியாகவில்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் தனித்தனியாகப் புலம்புவது நியாயம்தான். ஆனால் தனியாகக் கேட்பவருக்கு அடுத்த வாரம் ஆட்டம் இல்லாமல் போகலாம். எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே தாளைப் புறந்தள்ளுவது அவ்வளவு எளிதல்ல.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த சீசன் அட்டவணை வெளியாகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்குங்கள். பள்ளி வகுப்பறையோ கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடமோ போதும். ஒவ்வொருவரும் கடந்த சீசனில் தன்னை உறுத்திய மூன்று முடிவுகளை எழுதிக்கொண்டு வரட்டும். அணிப் பெயரும் ஆட்டக்காரர் பெயரும் வேண்டாம், நிலைமை மட்டும் போதும். காலையில் அவற்றைப் பேசுங்கள். மூத்தவர் முதலில் தன்னுடையதைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தயக்கம் விடும். மதியம் விதிப்புத்தகத்தையும் உங்கள் லீக் விதித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வைடு கோடு, டைம்டு அவுட் கெடு, எல்லைக்கோட்டுக் கேட்ச், வெளிச்சம், விதி 42 ஆகிய ஐந்துக்கும் இந்த லீக்கில் என்ன என்று எழுதி, ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள். லீக் விதித்தாள் எதிலாவது மௌனமாக இருந்தால் சங்கத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

'கூடினால் சண்டைதான் வரும்' என்று சிலர் சொல்வார்கள். வரட்டும். ஜூனில் ஓர் அறைக்குள் வரும் சண்டை, அக்டோபரில் இரு அணிகளுக்கு நடுவே வரும் சண்டையைவிட மலிவு. 'இதைச் சங்கம் அல்லவா செய்ய வேண்டும்?' என்றும் கேட்பார்கள். செய்தால் நல்லது, செய்யும்வரை காத்திருந்தால் இன்னொரு சீசனும் இப்படியே ஓடிவிடும். தான் ஒருகாலத்தில் ஆடிய அணியின் ஆட்டத்துக்கோ, மகன் ஆடும் அணியின் ஆட்டத்துக்கோ நிற்பதில்லை என்ற ஒரு வரியையும் அந்தத் தாளில் சேருங்கள். பாகிஸ்தான்–வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டுக்கு 1986-இல் லாகூரில் வி.கே.ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் இந்தியாவிலிருந்து அழைத்தது, நடுவர் தன் பக்கத்துக்குச் சாய்வார் என்ற சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

அந்த ஒரு பக்கத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு மூத்தவர் கூட்டாளியாக நிற்பார் என்பதையும் அங்கேயே பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். பிறகு அந்தத் தாளின் நகலை எல்லா கேப்டன்களுக்கும், சங்கச் செயலாளருக்கும், ஸ்கோரர்களுக்கும் முதல் டாஸுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். தேதியை இந்த வாரமே குறியுங்கள். உங்களில் ஒருவர் இன்றே மற்றவர்களுக்குப் போன் போட ஆரம்பிக்கட்டும்.